இந்தியப் பல்கலைக்கழக நூலகர்களின் கல்வியும் பணித்திறன் மேம்பாடும்

பல்கலைக்கழக நூலகர் என்பவர் ஒரு பல்கலைக்கழகத்தின் நூல்கள், ஆய்விதழ்கள், ஆய்வேடுகள், மின்வளங்கள் ஆகியவற்றைத் தேர்ந்து வாங்கி, ஒழுங்குபடுத்தி, மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பயன்படுத்தும்படி செய்யும் பொறுப்பாளர் ஆவார். இப்பணிக்கு ஒருவரைத் தகுதிப்படுத்துவது நூலகவியல் கல்வி. பணியில் சேர்ந்த பின்னும் அந்தத் தகுதி தேய்ந்துவிடாமல் காப்பது பணித்திறன் மேம்பாடு. இந்தியா போன்ற வளரும் நாடுகளில் முதலாவது ஓரளவு நன்கு அமைந்திருக்கிறது. இரண்டாவது இன்னும் வலுப்பெறவில்லை. நூலகத்துக்காகச் செலவிடப்படும் பொதுப்பணம் மாணவரைச் சென்றடைவதும் வீணாவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதையே பொறுத்தது. இக்கட்டுரை இந்தியாவில் இவ்விரண்டும் வளர்ந்த வரலாற்றையும், இன்றைய நிலையையும், தீர்க்க வேண்டிய குறைகளையும் விளக்குகிறது.

நூலகரின் பணி என்ன?

நூலகர் என்றால் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். இது பணியின் ஒரு சிறு பகுதி மட்டுமே. எந்தத் துறைக்கு எந்த நூல் தேவை என்று அறிதல், நூல்களைப் பொருள் வாரியாகப் பகுத்தல், தேடுவோர் எளிதில் கண்டுபிடிக்கும்படி பட்டியலிடுதல், ஆய்வாளரின் ஐயங்களுக்கு உரிய தகவலைத் தேடித் தருதல், மின்னிதழ்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தல், பல்கலைக்கழகத்தில் எழுதப்படும் ஆய்வேடுகளைப் பாதுகாத்தல் ஆகிய அனைத்தும் நூலகரின் பணிகளே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உவர் நிலத்தில் நெல் சாகுபடி பற்றி ஆய்வு செய்ய விரும்பும் மாணவி ஒருவர் இணையத் தேடுபொறியில் 'நெல்' என்று இட்டால் அளவற்ற முடிவுகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை அவருக்குப் பயன்படா. பயிற்சி பெற்ற நூலகர் அவரிடம் முதலில் சில கேள்விகள் கேட்பார். எந்த வட்டாரம்? எந்த ரகம்? மண்ணைப் பற்றியதா, பயிரைப் பற்றியதா? அதன் பிறகு வேளாண்மைக்குரிய தரவுத்தளத்தைக் காட்டி, நெல்லின் தாவரவியல் பெயரையும் உவர்த்தன்மையைக் குறிக்கும் கலைச்சொல்லையும் இணைத்துத் தேடச் சொல்லிக்கொடுப்பார். சில நாட்கள் வீணாகும் வேலை அரை மணி நேரத்தில் முடியும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்த மாணவருக்கு இதைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருக்காது. நூலகர் சொல்லித்தராவிட்டால் அவருக்கு வேறு வழியே இல்லாமலும் போகலாம்.

வரலாறு: தொடக்கக் காலம்

இந்தியாவில் முறையான நூலகப் பயிற்சி பரோடா சமஸ்தானத்தில் தொடங்கியது. மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்காவிலிருந்து வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். அவர் 1911ஆம் ஆண்டில் பரோடாவில் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1915இல் மற்றோர் அமெரிக்கரான ஆசா டான் டிக்கின்சன், லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி வகுப்பை நடத்தினார். லாகூர் இப்போது பாகிஸ்தானில் உள்ளது. பல்கலைக்கழகம் ஒன்றின் சார்பில் இந்திய நிலப்பரப்பில் நடந்த முதல் நூலகப் பயிற்சி இதுவே எனலாம்.

ரங்கநாதன்: பயிற்சி மாற்றிய மனிதர்

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். அப்போது அவர் நூலகவியல் படித்தவர் அல்லர்.

பணியில் சேர்ந்த சில நாட்களிலேயே அவருக்குச் சலிப்பு ஏற்பட்டது. நூலகத்துக்கு வருவோர் மிகக் குறைவு. செய்வதற்குப் பெரிதாக வேலை இல்லை என்று தோன்றியது. மீண்டும் வகுப்பறைக்கே போய்விட விரும்பினார். லண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சியை முடித்து வரும்படியும், அதன் பிறகும் விருப்பம் மாறாவிட்டால் ஆசிரியர் பணிக்குத் திரும்பலாம் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் அவர் படித்தார். அங்கு கற்பித்த பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகர், பாடம் நடத்துவதோடு நிற்காமல் அவரைப் பல நூலகங்களை நேரில் பார்க்கும்படி தூண்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை ரங்கநாதன் பார்வையிட்டார். குழந்தைகளும் தொழிலாளர்களும் பெண்களும் நூலகத்தைப் பயன்படுத்துவதைக் கண்டார். நூலகம் என்பது நூல்களைப் பூட்டிவைக்கும் கிடங்கு அன்று, சமூகத்தை மாற்றும் கருவி என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது. 1925இல் நாடு திரும்பியவர் ஆசிரியர் பணியை மீண்டும் கேட்கவில்லை. சுமார் இருபது ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திலேயே பணியாற்றினார். நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூலை 1931இலும், கோலன் பகுப்பு முறையை 1933இலும் வெளியிட்டார்.

அறிவும் ஊக்கமும் நிறைந்த மனிதருக்குக்கூடப் பயிற்சி இல்லாதபோது நூலகத்தில் வேலை கண்ணுக்குத் தெரியவில்லை. பயிற்சிக்குப் பின் வாழ்நாள் முழுவதும் போதாத அளவுக்கு வேலை தெரிந்தது. வகுப்பறைப் பாடத்தோடு பல நூலகங்களை நேரில் பார்த்ததும் இந்த மாற்றத்துக்குக் காரணம் என்பது குறிப்பிடத்தக்கது.

பல்கலைக்கழகப் படிப்பாக வளர்ந்தமை

1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் சார்பில் 1929இல் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி நடத்தப்பட்டது. 1931இல் இப்பயிற்சியைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1930களின் இறுதியில் அது ஓராண்டு முழுநேரப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது. 1940களில் காசி, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய பல்கலைக்கழகங்களும் நூலகவியல் படிப்புகளைத் தொடங்கின. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ரங்கநாதனின் முயற்சியால் முதுநிலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் ஏற்பட்டன.

விடுதலைக்குப் பின் அமைந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, நூலகமே பல்கலைக்கழகப் பணிகளின் மையம் என்று வலியுறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் ரங்கநாதன் தலைமையில் நூலகக் குழு ஒன்றை அமைத்தது. பல்கலைக்கழக நூலகர்களின் தகுதியும் ஊதியமும் ஆசிரியர்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்ற கொள்கை இக்குழுவின் பரிந்துரைகளால் வலுப்பெற்றது. 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. அறிவியல் ஆவணங்களைக் கையாளும் வல்லுநர்கள் பலர் இங்கு உருவாயினர்.

இன்றைய பட்டப்படிப்புகள்

இந்தியாவில் ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர், ஓராண்டு நூலகம் மற்றும் தகவல் அறிவியல் இளநிலைப் பட்டமும், அதன்பின் ஓராண்டு முதுநிலைப் பட்டமும் பெறலாம். பல பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டையும் இணைத்து இரண்டாண்டு முதுநிலைப் படிப்பாக நடத்துகின்றன. அதற்கு மேல் முனைவர் பட்ட ஆய்வு உள்ளது.

பாடத்திட்டத்தில் நூலகத்தின் அடிப்படைக் கொள்கைகள், பகுப்பாக்கம், பட்டியலாக்கம், நூலக நிர்வாகம், தகவல் மூலங்கள், தகவல் தொழில்நுட்பம், ஆய்வு முறையியல் ஆகியவை இடம்பெறுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2001இல் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டு, கணினி சார்ந்த பாடங்களுக்குக் கூடுதல் இடம் தந்தது.

தொலைநிலைக் கல்வி மூலமும் இப்பட்டங்கள் வழங்கப்படுகின்றன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களால், வேலையில் இருப்போரும் சிற்றூர்களில் வாழ்வோரும், குறிப்பாகப் பெண்களும், இத்துறைக்குள் வர முடிந்தது. இது பெரும் நன்மை. ஆனால் பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் கையால் செய்து பழக வேண்டியவை. நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் குளத்தில் இறங்க முடியாதது போலவே, செய்முறை குறைந்த படிப்பு பணியில் தடுமாற வைக்கிறது.

பதவிகளும் தகுதிகளும்

பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகர், துணை நூலகர், நூலகர் என மூன்று நிலைகள் உள்ளன. இவை முறையே உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் ஆகிய பதவிகளுக்கு ஒப்பானவை. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறும் முக்கியத் தகுதிகள் வருமாறு:

• உதவி நூலகர்: நூலகவியல் அல்லது தொடர்புடைய பாடத்தில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்களுடன் முதுநிலைப் பட்டம், நூலகத்தைக் கணினிமயமாக்குவது பற்றிய அறிவு, தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி. விதிகளுக்கு உட்பட்டு முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு இத்தேர்விலிருந்து விலக்கு உண்டு.

• துணை நூலகர்: 55 விழுக்காட்டுடன் முதுநிலைப் பட்டம், உதவி நூலகராகவோ கல்லூரி நூலகராகவோ 8 ஆண்டு அனுபவம், தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திப் புதிய சேவைகளை உருவாக்கியதற்கான சான்று, முனைவர் பட்டம்.

• நூலகர்: 55 விழுக்காட்டுடன் முதுநிலைப் பட்டம், பல்கலைக்கழக நூலகத்திலோ, கல்லூரி நூலகராகவோ, நூலகவியல் ஆசிரியராகவோ 10 ஆண்டு அனுபவம், புதிய சேவைகளுக்கான சான்று, முனைவர் பட்டம்.

அமெரிக்காவில் நூலக முதுநிலைப் படிப்புகளுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகாரம் தருகிறது. பிரிட்டனிலும் அங்குள்ள நூலகர்களின் தொழில்முறைச் சங்கம் இப்பணியைச் செய்கிறது. இந்தியாவில் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் இருப்பதுபோல் நூலகவியல் படிப்புகளின் தரத்தைத் தனியாக மதிப்பிடும் அமைப்பு இல்லை. இதனால் ஒரே பெயருள்ள பட்டம் பெற்ற இருவரின் செய்முறைத் திறனில் பெரும் வேறுபாடு காணப்படுகிறது.

பணிக்காலப் பயிற்சி

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் அமைக்கப்பட்டன. பின்னர் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், அண்மையில் மாளவியா திட்டத்தின் கீழ் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் மாற்றம் பெற்றன. ஆசிரியர்களோடு நூலகர்களுக்கும் இங்கு பணியறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன.

பதவி உயர்வோடு இப்பயிற்சிகள் இணைக்கப்பட்டுள்ளன. 2018 விதிமுறைகளின்படி, உதவி நூலகர் ஒருவர் முதல் ஊதிய உயர்நிலையை அடைய, கல்வித் தகுதிக்கு ஏற்ப 4 முதல் 6 ஆண்டுகள் பணியாற்றுவதோடு, 21 நாள் பணியறிமுகப் பயிற்சியும், நூலகக் கணினிமயமாக்கம் போன்ற பொருள்களில் குறைந்தது 5 நாள் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும்.

காந்திநகரில் இயங்கும் இன்ஃபிளிப்நெட் மையம் இத்துறையில் முக்கியமானது. 1991இல் மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கி, 1996இல் தன்னாட்சி மையமானது. சோல் என்ற நூலக மேலாண்மை மென்பொருளையும், ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா களஞ்சியத்தையும் இது உருவாக்கியது. இவற்றில் நூலகர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறது. 1933இல் தோன்றிய இந்திய நூலகச் சங்கமும், 1955இல் தோன்றிய சிறப்பு நூலகங்கள் மற்றும் தகவல் மையங்களின் இந்தியச் சங்கமும் மாநாடுகளையும் பயிலரங்குகளையும் நடத்துகின்றன.

பட்டத்துக்கும் பணிக்கும் இடையே உள்ள இடைவெளி

இத்தனை அமைப்புகள் இருந்தும் குறைகள் தொடர்வதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆள் பற்றாக்குறை. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் பல ஆண்டுகள் நிரப்பப்படாமல் இருப்பது பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் வழக்கமாகிவிட்டது. மூவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்யும் இடத்தில், அவரை மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்ப நிர்வாகம் தயங்குகிறது.

இரண்டாவது, ஒப்பந்தப் பணியாளர்களின் நிலை. அன்றாடம் மாணவர்களைச் சந்திப்பவர்கள் பெரும்பாலும் இவர்களே. ஆனால் பதவி உயர்வோடு இணைந்த பயிற்சித் திட்டங்கள் நிரந்தரப் பணியாளர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை.

மூன்றாவது, பயிற்சி சான்றிதழாகச் சுருங்குவது. பதவி உயர்வுக்குத் தேவை என்பதற்காகவே பயிற்சிக்குச் செல்லும்போது, கற்றது நூலகத்தில் செயலாகிறதா என்று எவரும் பின்னர் கேட்பதில்லை. கோஹா போன்ற திறந்த மூல மென்பொருளைப் பற்றி ஐந்து நாள் விரிவுரை கேட்டவருக்கு, திரும்பி வந்ததும் அதை நிறுவிப் பழக ஒரு கணினியும் சிறிது நேரமும் கிடைக்காவிட்டால் கற்றது மறந்துபோகும்.

நான்காவது, மொழி. பயிற்சி நூல்களும் மென்பொருள் கையேடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தாய்மொழியில் படித்து வந்த மாணவருக்குத் தரவுத்தளத் தேடலை விளக்க வேண்டிய நூலகருக்கு, அதைத் தமிழிலோ இந்தியிலோ சொல்வதற்கான பாடப்பொருள் குறைவாகவே கிடைக்கிறது.

புதிதாகச் சேர்ந்துள்ள பொறுப்புகள்

இந்த இடைவெளி முன்பைவிட இப்போது கூடுதல் இழப்பைத் தருகிறது. அதற்கு மூன்று எடுத்துக்காட்டுகளைக் கூறலாம்.

'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி மற்றும் ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்க இத்திட்டம் வழிசெய்கிறது. முன்பு பணம் இல்லாததால் இதழ் கிடைக்கவில்லை. இனி, இதழ் கிடைத்தும் அதைத் திறந்து தேடத் தெரியாமல் மாணவர் திரும்பிப் போனால், அந்தக் குறை நிதியைச் சேர்ந்தது அன்று, பயிற்சியைச் சேர்ந்தது.

இரண்டாவது, கருத்துத் திருட்டைத் தடுக்கும் பணி. இதற்கான மானியக் குழுவின் விதிமுறைகள் 2018இல் வந்தன. 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை உண்டு. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வு மாணவரின் பதிவே நீக்கப்படலாம். பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகளை மென்பொருளில் சரிபார்ப்பவர் நூலகரே. மென்பொருள் தருவது ஓர் எண் மட்டுமே. முறையாகச் சுட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பொதுவான சொற்றொடர்கள் ஆகியவற்றை நீக்கிப் பார்க்கத் தெரியாதவர் கையில் அந்த எண் கிடைத்தால், நேர்மையான மாணவர் ஒருவர் தவறு செய்தவராகக் காட்டப்படுவார்.

மூன்றாவது, போலி ஆய்விதழ்கள். பணம் பெற்றுக்கொண்டு, உரிய மதிப்பாய்வின்றிக் கட்டுரைகளை வெளியிடும் இதழ்கள் பெருகியுள்ளன. தரமான இதழ்களை அடையாளம் காட்ட மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. இதழ்களை மதிப்பிடும் பொறுப்பு அந்தந்த நிறுவனங்களிடம் விடப்பட்டது. ஓர் இதழின் ஆசிரியர் குழு உண்மையானதா, மதிப்பாய்வு நடக்கிறதா, கட்டணம் வெளிப்படையாக உள்ளதா என்று ஆராயத் தெரிந்த நூலகர் இல்லாத இடத்தில், எளிய குடும்பத்து ஆய்வு மாணவர்கள் பணத்தையும் உழைப்பையும் இழக்க நேரிடும்.

மேம்பாட்டுக்கான வழிகள்

பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை பல உள்ளன.

• பட்டப்படிப்பில், இயங்கும் நூலகம் ஒன்றில் சில மாதங்கள் கட்டாயப் பணிப்பழகல் இருக்க வேண்டும். தொலைநிலை மாணவர்களுக்கு இது மேலும் அவசியம்.

• பயிற்சிக்குச் செல்பவர் திரும்பி வந்து செய்யப்போகும் ஒரு பணியை முன்கூட்டியே முடிவு செய்து, ஆறு மாதத்துக்குப் பின் அதன் நிலையைப் பார்க்கும் நடைமுறை தேவை.

• ஒரே மாவட்டத்திலுள்ள பல்கலைக்கழக, கல்லூரி நூலகர்கள் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் அறிந்ததை மற்றவருக்குச் செய்துகாட்டலாம். இதற்குத் தேவை ஓர் அறையும் ஒரு கணினியும் மட்டுமே.

• ஸ்வயம் போன்ற இணையவழிப் பாடங்களைப் பணி நேரத்திலேயே கற்க, வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் ஒதுக்கலாம்.

• ஒப்பந்தப் பணியாளர்களையும் பயிற்சிகளில் சேர்க்க வேண்டும்.

• தேடல் முறைகள், மேற்கோள் முறைகள் குறித்த எளிய வழிகாட்டிகளை அந்தந்த மாநில மொழியில் எழுதி அனைவருக்கும் பொதுவாக வழங்கலாம்.

நிறைவாக

இந்தியாவில் நூலகருக்கு ஆசிரியருக்கு இணையான தகுதியும் ஊதியமும் விதிகளில் உள்ளன. அது பல ஆண்டு முயற்சியால் கிடைத்த உரிமை. ஆசிரியருக்கு இணையானவர் என்றால் ஆசிரியரைப் போலவே அவரும் தொடர்ந்து கற்க வேண்டும். அதற்கான நேரத்தையும் வாய்ப்பையும் பல்கலைக்கழகம் தர வேண்டும். 1924இல் நூலகத்தில் செய்ய வேலை இல்லை என்று எண்ணிய ஒரு கணித ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பியதால் சென்னைப் பல்கலைக்கழகம் அடைந்த பயனை நாடே அறியும். இன்றும் மாவட்டத் தலைநகர்களிலுள்ள பல்கலைக்கழகங்களில் ஆர்வமுள்ள இளம் நூலகர்கள் இருக்கிறார்கள். அவர்களை உரிய காலத்தில் பயிற்சிக்கு அனுப்புவதும், திரும்பி வந்த பின் கற்றதைச் செய்துபார்க்க விடுவதும், நூலக வாசலில் தயங்கி நிற்கும் மாணவருக்குச் செய்யும் நேரடி உதவியாகும்.